ஆறாவது ஆட்டம்

கோப்பையில் என் பெயர் இருக்கிறது. அடியிலுள்ள வளையத்தில், அணி முதலாளி குடும்பத்தின் ஐந்து பெயர்களுக்கு அடுத்ததாக, லெஸ்லி ப்ரூனெல் என்று ஒவ்வோர் எழுத்தாகச் சுத்தியலால் அடித்துப் பதித்திருக்கிறார்கள். எழுத்துப் பிழைகூட இல்லை. இருந்திருந்தாலாவது அது நான் இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

அதே வளையத்தில் இருக்க வேண்டிய இன்னொரு பெயர் இல்லை. ஓவன் லெஹ்டோ. அதை அங்கே ஏற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். ஏற்றாமல் விட்டவனும் நான். பத்திரிகைக்காரர்கள் இதைப் பற்றி மூன்று வரி எழுதினார்கள், முதலாளி ஒரு வரி சொன்னார், அத்தோடு எல்லோருக்கும் முடிந்தது. எனக்கு முடியவில்லை.

நாங்கள் இருவரும் ஒண்டாரியோவின் வடக்கே பைக் ரிவர் ஊர்க்காரர்கள். அங்கே ஒரு காகித ஆலை உண்டு, ஒரு பனி ஹாக்கி அரங்கம் உண்டு. ஆலைக்குப் போக விரும்பாதவன் அரங்கத்துக்குப் போவான். நான் அரங்கத்துக்குப் போனேன். ஹாக்கி ஆடினேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம், அடிதடி செய்தேன். ஒன்பது வருஷம் சில்லறை லீக்குகளில், பேருந்திலேயே தூங்கி எழுந்து, எங்கள் அணியின் நல்ல ஆட்டக்காரனை எவன் இடித்தாலும் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவன் மூக்கை உடைப்பது என் உத்தியோகம். அதில் என் மூக்கு மூன்று முறை உடைந்தது. முன்பற்கள் நாலு போயின. பெரிய லீக்கில் நான் இறங்கியது மொத்தம் ஆறே ஆட்டம்.

அப்புறம் பெரிய அணிகளுக்காகப் பையன்களைத் தேடிப் பிடிக்கும் வேலை. சஸ்காச்சுவான், மானிடோபா என்று குளிர்காலம் முழுக்கக் காரிலேயே வாழ்க்கை. அரங்கத்துக் கழுநீர்க் காபி, காய்ந்த ஹாட்-டாக், மடியில் நோட்டு. எந்தப் பையனுக்கு முழங்கால் வலு, எவன் இடிக்கப் பயப்படுகிறான், எவன் அப்பா கத்துகிறார் என்று எழுதிக்கொண்டே இருப்பேன். என் மனைவி ஜோன் பதினோரு வருஷம் பொறுத்துப் பார்த்தாள். போகும்போது அவள் சண்டைகூடப் போடவில்லை.

“ஊர்ல இருக்கற பசங்க பேரெல்லாம் உனக்கு மனப்பாடம். நம்ம பொண்ணு எந்த கிளாஸ்னு கேட்டா முழிக்கற,” என்றாள்.

அப்போதும் முழித்தேன்.

லெஹ்டோவை நான் முதலில் கவனித்தது அந்தக் காலத்தில்தான். அவன் ஆடும்போது இல்லை. கோப்பையை வென்ற அணியில் ஒவ்வொருவருக்கும் கோடையில் ஒரு நாள் அது கையில் கிடைக்கும். விரும்பிய இடத்துக்குக் கொண்டு போகலாம். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அந்த வருஷம் வென்று, எங்கள் ஊர் அரங்கத்துக்கும் அதைக் கொண்டுவந்தார். ஊரே வரிசையில் நின்று தடவிப் பார்த்தது, முத்தமிட்டது, கைக்குழந்தையை அதற்குள் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் மட்டும் கிட்டே போய்க் குனிந்து பெயர்களைப் படித்தான். இரண்டு கையும் கால்சட்டைப் பைக்குள் இருந்தன. ஏன் தொடவில்லை என்று கேட்டேன்.

“ஜெயிக்கறதுக்கு முன்னாடி தொடக்கூடாது,” என்றான்.

ஆட்டக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் பெரிய லீக்கில் ஒரு கால்கூட வைக்காத பையன், கோப்பை தன் மூக்குக்கு நேரே இருக்கும்போது, அதைத் தனக்கென்று எடுத்துவைத்த மாதிரி நின்றது எனக்குப் பிடித்துப்போனது. அடுத்த வருஷம், நான் அப்போது வேலை பார்த்த அணியிடம் கெஞ்சிக் கூத்தாடி, அணிகள் சுற்றுச் சுற்றாக முறை வைத்துப் புதுப் பையன்களைப் பொறுக்கும்போது ஆறாவது சுற்றில் அவனை எடுக்க வைத்தேன். மெதுவாகத்தான் ஓடுவான், கோல் அடிக்கத் தெரியாது, தடுப்பாட்டக்காரன். எதிராளி அடிக்கிற பக்கின், கல் மாதிரியான அந்த ரப்பர் வட்டின், முன்னால் உடம்பைப் போட்டு விழுவான். அந்த ஒரு குணத்தை வைத்துப் பதினேழு வருஷம் பெரிய லீக்கில் ஓட்டினான். கோப்பை மட்டும் கிட்டே வரவில்லை.

நான் படிப்படியாக ஏறி, ஐம்பதாவது வயதில் ஹாமில்டன் அணியின் பொது மேலாளர் ஆனேன். எவனை எடுப்பது, எவனை விற்பது, எவனுக்கு எத்தனை வருஷ ஒப்பந்தம், எல்லாம் என் தலையில். ஜெயித்தால் கோச்சுக்கு மாலை, தோற்றால் எனக்குச் செருப்பு. முதலாளி ஹார்கிரேவ் கார் கழுவும் நிலையங்கள் நடத்திச் சம்பாதித்தவர். ஹாக்கி பற்றி அவருக்குத் தெரிந்தது அது குளிரான இடத்தில் நடக்கும் என்பது மட்டும்.

இரண்டாம் வருஷமே ஒரு தப்புச் செய்தேன். வயதான ஒரு கோல் அடிப்பவனை வாங்க, அடுத்த வருஷத்துப் புதுப் பையன்களில் எங்களுக்குரிய முதல் சுற்றுத் தேர்வை, ஒருவனைப் பொறுக்கிக்கொள்ளும் உரிமையை, அப்படியே தூக்கிக் கொடுத்தேன். வந்தவன் முதுகுவலி என்று படுத்துக்கொண்டான். அந்தத் தேர்வை வைத்து எதிர் அணி எடுத்த பையன் டோபியாஸ் க்ரானத் என்ற ஸ்வீடன்காரன். வருஷத்துக்கு ஐம்பது கோல். எங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் எங்களுக்கு எதிராக மட்டும் இரண்டு கூடுதல்.

அதிலிருந்து எனக்குப் பெயர் வள்ளல். உள்ளூர்ப் பத்திரிகை ஆரம்பித்தது, ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். க்ரானத் கோல் அடித்தால் பதினேழாயிரம் பேர் நான் உட்கார்ந்திருக்கும் மாடத்தைப் பார்த்துத் திரும்பி “வள்ளல், வள்ளல்” என்று பாடுவார்கள். பெட்ரோல் போடும் இடத்தில் ஒருவன் தன் தொப்பியைக் கழற்றி நீட்டி, எனக்கும் ஏதாவது கொடுங்களேன் என்றான். சிரித்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே ஒரு சபதம் எடுத்தேன்: இனி என் உயிரே போனாலும் ஒரு முதல் சுற்றுத் தேர்வு என் கையை விட்டுப் போகாது. அந்தச் சபதத்தைத்தான் கடைசிவரை காப்பாற்றினேன். வேறெதையும் காப்பாற்றவில்லை.

ஆறாவது வருஷம் எங்கள் அணி ஒருவழியாகத் தேறியது. மார்ச் முதல் வாரம், அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் கடைசி நாள். பின்வரிசையில் ஒரு பழுத்த ஆள் தேவைப்பட்டான். லெஹ்டோ போர்ட்லாந்தில் இருந்தான், வயது முப்பத்தேழு, அந்த வருஷத்தோடு ஓய்வு. அவன் சம்மதம் இல்லாமல் அவனை வேறு ஊருக்கு அனுப்ப முடியாது என்று அவன் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. மகள் ஈடாவின் பள்ளிக்கூடத்துக்காகக் கேட்டு வாங்கிய வரி. அவனிடம் நானே பேச வேண்டியிருந்தது.

மத்தியானம் ஒரு மணி. சமையல் செய்துகொண்டிருந்தான் போல, பின்னால் ஏதோ பொரியும் சத்தம். நான் சொன்னதையெல்லாம் கேட்டான். பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

“கோப்பைல பேர் போடறதுக்கு எத்தன ஆட்டம் வேணும் லெஸ்?”

“சீசன்ல நாப்பத்தொண்ணு. இல்லன்னா இறுதில ஒண்ணு.”

“சீசன்ல இன்னும் பத்தொம்பதுதான் பாக்கி.”

“இறுதில ஒண்ணு. நாம அங்க போனா, நீ ஒரு ஆட்டம் இறங்கற. அது என் வாக்கு. வாடா.”

அடுப்பை அணைத்தான் போல, பொரியும் சத்தம் நின்றது. அப்புறம், ஈடாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னான். அவ்வளவுதான். பதினேழு வருஷம் இந்தத் தொழிலில் அடிபட்டவன், இதை எழுதிக் கொடு என்று கேட்கவில்லை. ஊர்க்காரன் என்று நம்பினான்.

போர்ட்லாந்தின் மேலாளர் ஹாங்க் டெலோரி பழைய கில்லாடி. லெஹ்டோவுக்கு ஈடாக எங்கள் இரண்டாம் சுற்றுத் தேர்வைக் கேட்டான், கொடுத்தேன். மணி இரண்டே முக்காலுக்கு ஒரு நிபந்தனையைச் செருகினான். சீசன் முடிந்து நடக்கும் கோப்பைப் பந்தயங்களில் எங்கள் அணி ஆடும் ஆட்டங்களில் சரிபாதி அல்லது அதற்கு மேல் லெஹ்டோ இறங்கினால், இரண்டாம் சுற்று முதல் சுற்றாக மாறிவிடும். இந்த மாதிரி நிபந்தனை எங்கள் தொழிலில் சர்வ சாதாரணம். கிழவன் எங்கே பாதி ஆடப்போகிறான் என்று நினைத்துச் சரி என்றேன். ஒரே மத்தியானத்தில், இரண்டு மணி நேரத்துக்குள், இரண்டு பேருக்கு இரண்டு வாக்கு. இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மோதியது. லெஹ்டோ எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினான். கோப்பைப் பந்தயங்களில் முதல் பதினோரு ஆட்டமும் தொடர்ந்து இறங்கினான். பதினோராவதில் ஒரு பக் கணுக்காலில் பட்டு வீங்கியது; அடுத்த எட்டு ஆட்டம் உட்கார்ந்தான். அவன் இல்லாமலே இறுதிக்குப் போய்விட்டோம். பத்தொன்பது ஆட்டம் முடிந்திருந்தது. இறுதி தொடங்கியபோது கணுக்கால் சரியாகிவிட்டது.

அப்போதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இறுதியில் யார் முதலில் நான்கு ஆட்டம் ஜெயிக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. நான்கிலும் முடியலாம், ஏழுவரையும் போகலாம். லெஹ்டோ இன்னும் ஒன்று ஆடினால் அவனுக்குப் பன்னிரண்டு. இறுதி ஐந்து ஆட்டத்துக்குள் முடிந்தால் எங்கள் மொத்தம் இருபத்து நான்கு. பன்னிரண்டு அதில் சரிபாதி. முதல் சுற்று போச்சு. ஆறாவது ஆட்டம் என்று ஒன்று நடந்துவிட்டால் மொத்தம் இருபத்தைந்து. பன்னிரண்டு பாதிக்குக் கீழே. ஒரு நஷ்டமும் இல்லை. ஆகவே ஆறாவது ஆட்டத்தில் அவனை இறக்குவது என்று முடிவு செய்தேன். வாக்கும் நிற்கும், தேர்வும் நிற்கும். எவ்வளவு சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். மூன்றாவதில் லெஹ்டோவின் இடத்தில் ஆடிய பொடியன் தடுமாறித் தடுமாறி விழுந்தான், தோற்றோம். கோச் டக் ஃபெனிமோர் மறுநாள் என் அறைக்கு வந்து லெஹ்டோவைக் கேட்டார். முடியாது என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நிபந்தனை பத்திரிகையில் வந்திருந்தது, லீக்கில் எல்லோருக்கும் தெரியும்.

“இது உங்க முடிவு, என்னோடது இல்ல. ரூம்ல பசங்க கேட்டா அப்படித்தான் சொல்லுவேன்,” என்றார்.

வெளியே நிருபர்கள் கேட்டபோது, லெஹ்டோவுக்கு இடுப்புக்குக் கீழே காயம் என்றேன். எங்கள் தொழிலில் காயம் எங்கே என்று யாரும் உண்மையைச் சொல்வதில்லை. இடுப்புக்கு மேலே, இடுப்புக்குக் கீழே, இரண்டே பதில். காயமே இல்லாதவனுக்குச் சொன்னது மட்டும்தான் புதுசு.

நான்காவது ஆட்டம் ஜெயித்தோம். மூன்றுக்கு ஒன்று. ஐந்தாவது எங்கள் ஊரில். இன்னும் ஒன்று ஜெயித்தால் கோப்பை.

ஐந்தாவது ஆட்டத்தன்று காலைப் பயிற்சியில் எல்லோரும் போன பிறகும் லெஹ்டோ மட்டும் பனித்தளத்தில் இருந்தான். ஆடப் போகிறவர்கள் சீக்கிரம் போய்விடுவார்கள். ஆடாதவர்கள்தான் கடைசிவரை வியர்வை சிந்துவார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டேன். வந்து மட்டையின் மேல் சாய்ந்து நின்றான். முகம் சிவந்து, தாடியெல்லாம் ஈரம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அவனே ஆரம்பித்தான்.

“ஆறாவது ஆட்டமா?”

“கணுக்கால் இன்னும் கொஞ்சம்...”

“கணக்கு எனக்கும் வரும் லெஸ். பேப்பர்ல போட்டிருக்கான்.”

அதற்கு மேல் பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆறாவதில் கட்டாயம் இறக்குகிறேன், கோச்சிடம் சொல்லியாகிவிட்டது, இன்னும் இரண்டு நாள்தான் என்றேன். அவன் மட்டையால் பனியைக் கீறிக்கொண்டிருந்தான்.

“அப்ப இன்னிக்கு நாம தோக்கணும்னு நான் வேண்டிக்கணுமா?”

நான் மேலே காலி இருக்கைகளைப் பார்த்தேன்.

“என்னால முடியாது. இவனுங்க கூட மூணு மாசமா ஒரே ரூம்ல இருக்கேன்,” என்றான். குரலை உயர்த்தவில்லை. “நீங்க வேணா வேண்டிக்கங்க.”

போய்விட்டான். இறக்கிவிடு என்று அவன் கெஞ்சியிருந்தால் இறக்கியிருப்பேனோ என்னவோ. இப்படிச் சொல்லித்தான் பல வருஷம் என்னைத் தேற்றிக்கொண்டேன். அதுவும் பொய். டக்கை அழைத்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அன்று முழுப் பகல் இருந்தது. கைப்பேசியை எடுத்தேன், வைத்தேன். எடுக்கும்போதெல்லாம் பதினேழாயிரம் பேர் திரும்பிப் பார்த்து வள்ளல் என்று பாடுவது காதில் கேட்டது. கோப்பையை ஜெயிக்கப்போகிற நாளில், கோப்பையை வென்றவர்களுக்கு முதல் சுற்றில் கடைசிப் பையன்தான் கிடைப்பான் என்று தெரிந்தும், அந்தக் கடைசிப் பையனுக்காகப் பயந்தேன். கோழை என்றால் அதுதான் கோழைத்தனம். மூக்கு உடைபட்டதெல்லாம் சும்மா.

ஆட்டம் தொடங்கியது. மூன்றாவது, கடைசிப் பகுதி ஆரம்பிக்கும்போது இரண்டுக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்தோம். மாடத்தில் முதலாளியின் மகன்கள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முப்பத்தெட்டு வருஷம் இந்த ஒரு பொருளுக்காக ஓடி, மனைவியைத் தொலைத்து, மகள் வளர்ந்ததைப் பார்க்காமல், கடைசியில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, என் அணி தோற்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அந்தக் கட்டடத்திலேயே ஹாமில்டன்காரர்களில் அப்படி வேண்டியவன் நான் ஒருவன்தான்.

எட்டு நிமிஷம் இருக்கும்போது சமன் செய்தோம். மூன்று நிமிஷம் இருக்கும்போது எங்களில் யாரோ தூரத்திலிருந்து சும்மா அடித்த பக், எதிரணிக்காரன் ஒருவனின் ஸ்கேட்டில் பட்டுத் திரும்பி உள்ளே போய்விட்டது. முதலாளி என்னைக் கட்டிப் பிடித்தார். யார் யாரோ முத்தம் கொடுத்தார்கள். நான் அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று மறுநாள் பத்திரிகையில் படம் போட்டார்கள்.

அன்று ஆடாதவர்களும் கடைசி நிமிஷங்களில் முழு உடுப்பும் ஸ்கேட்டும் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பது வழக்கம். சங்கு ஊதியதும் அவர்களும் உள்ளே பாய்வார்கள். லெஹ்டோ கோட்டும் சூட்டுமாகத் தோல் காலணியோடு வந்தான். வழுக்கி வழுக்கி நடந்து போய் ஒவ்வொருவனையும் கட்டிக்கொண்டான், தன் இடத்தில் ஆடிய பொடியனைக்கூட. கோப்பையைக் கொண்டுவந்து கேப்டனிடம் கொடுத்தார்கள். கேப்டன் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அடுத்து கொடுக்க லெஹ்டோவைத் தேடினான். நானும் தேடினேன். அவன் அங்கே இல்லை.

ஊர்வலத்தன்று திறந்த பேருந்தின் மேல் முதலாளி என் காதருகே குனிந்தார்.

“ஆமா, அந்தக் கிழவனை ஏன் கடைசில இறக்கல? பாவம்.”

முதல் சுற்றுத் தேர்வு போயிருக்கும் என்றேன்.

“போனா போகட்டும்னு சொல்லியிருப்பேனே. நீ கேக்கவே இல்லையே,” என்றார். சொல்லிவிட்டுக் கீழே நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கையசைக்கத் தொடங்கினார். நானும் அசைத்தேன்.

கோப்பையில் பொறிக்க வேண்டிய பெயர்ப் பட்டியலை அனுப்புவது பொது மேலாளரின் வேலை. லெஹ்டோவின் பெயர் விதிப்படி சேராது. ஆனால் காயத்தால் ஆட முடியாமல் போனவனுக்கு அணி கேட்டுக்கொண்டால் லீக் விலக்கு அளிக்கும். உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். இறுதி முழுக்க லெஹ்டோவுக்கு இடுப்புக்குக் கீழே காயம், இல்லாவிட்டால் நிச்சயம் இறங்கியிருப்பான் என்று. என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக எதையும் எழுதியதில்லை.

பத்து நாளில் பதில் வந்தது. லீக் அலுவலகத்திலிருந்து லெஹ்டோவைத் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். காயம் ஏதுமில்லை, இறுதி முழுக்க ஆடத் தயாராக இருந்தேன் என்று சொல்லியிருக்கிறான். எனவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. பொய்த் தகவல் கொடுத்ததற்காக எனக்கு ஒரு எச்சரிக்கை. அவனை அழைத்தேன். எடுக்கவில்லை. நான்கு முறை அழைத்தேன்.

அதற்கிடையே ஜூன் கடைசியில், காப்பாற்றி வைத்த முதல் சுற்றுத் தேர்வை வைத்து ஒரு பையனை எடுத்தேன். காம் ஆஸ்குட், ஆல்பர்ட்டாக்காரன், நல்ல உயரம். மூன்று வருஷம் சின்ன லீக்குகளில் திணறிவிட்டு ஹாக்கியே வேண்டாம் என்று அப்பாவோடு கூரை போடும் தொழிலுக்குப் போய்விட்டான். பெரிய லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அதற்கு ஒரு வருஷம் முன்பே என்னையும் வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

கோப்பையை வென்ற வருஷம் ஆகஸ்டில் அது எனக்கு ஒரு நாள் கிடைத்தது. பைக் ரிவருக்குக் கொண்டுபோனேன். வேறு எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. அதே அரங்கம், அதே வரிசை. வெள்ளைக் கையுறை போட்ட கோப்பைக் காவலர் பக்கத்தில் நின்றார். ஆலைக்காரர்கள், அவர்கள் பெண்டாட்டிகள், என்னோடு பள்ளியில் படித்தவர்கள் எல்லோரும் வந்து என் முதுகில் தட்டினார்கள். ஊரின் பெயரைக் காப்பாற்றிவிட்டாய் என்றார்கள்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும், வரிசையில் லெஹ்டோ நின்றான். பக்கத்தில் ஈடா, பதினொரு வயது. கோடைக்குத் தன் அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்திருக்கிறான். எல்லோரையும் போல வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் முன்னால் வந்தான். கைகள் இரண்டும் கால்சட்டைப் பைக்குள் இருந்தன.

ஈடா கையை நீட்டிவிட்டு, அப்பாவைத் திரும்பிப் பார்த்து நிறுத்தினாள்.

“நீ தொடு. நீ ஆடலையே, உனக்கு ஒண்ணும் இல்ல,” என்றான்.

அவள் விரல் நுனியால் தொட்டுவிட்டுச் சிரித்தாள். அவன் குனிந்து பழைய பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தான். நான் கிட்டே போனேன். மன்னித்துக்கொள் என்றுதான் சொல்ல நினைத்தேன். வேறு ஏதோ வந்தது.

“லீக் ஆபீஸ்காரன் கேட்டப்ப ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா. உன் பேர் இதுல வந்திருக்கும்.”

அவன் நிமிர்ந்தான்.

“பதினேழு வருஷம் நிஜமா அடிபட்டப்பல்லாம் ஒண்ணும் இல்லன்னு பொய் சொல்லி ஆடியிருக்கேன் லெஸ். ஆடாம இருக்கறதுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பின்னால் வரிசை காத்திருந்தது. காவலர் வெள்ளைக் கையுறையை ஆட்டி, பெரிய ஆட்டக்காரர் ஒருவர் வந்திருக்கிறாரே, இருவரும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவருக்கு விஷயம் தெரியாது. ஊர்க்காரர்கள் கைதட்டினார்கள். லெஹ்டோ ஒரு கையைப் பையிலிருந்து எடுத்து, என் கையில் இருந்த கைப்பேசிக்காக நீட்டினான்.

“குடுங்க, நான் எடுக்கறேன். நீங்க நில்லுங்க.”

கொடுத்தேன். நின்றேன். கோப்பையின் மேல் கையை வைக்கச் சொன்னான், வைத்தேன். கொஞ்சம் சிரிக்கச் சொன்னான். இரண்டு படம் எடுத்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்து, ஈடாவின் தோளில் கை போட்டு வெளியே நடந்தான்.

அந்தப் படத்தைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறேன். என் கை கோப்பையின் மேல் இருக்கிறது, கண் படம் எடுப்பவனைப் பார்க்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் நல்ல படம் என்கிறார்கள். யார் எடுத்தது என்று கேட்டால், ஊர்க்காரன் ஒருவன் என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விடுவேன்.